மாலையோடு வர வேண்டிய காகிதம்

மாதத்தின் கடைசி நாளன்று மாலை நாலு மணிக்குமேல் ஏதாவது ஒரு ஸர்க்கார் காரியாலயத்துக்குள் நுழைந்து பாருங்கள். யாராவது ஒருவர் கழுத்தில் ரோஜா மாலையுடனும் தோளில் பொன்னாடையுடனும் சங்கோசத்துடன் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் அவருடைய மனைவி பட்டுப் புடவையில் நிற்பார். காராபூந்தியும் ஜாங்கிரியும் காகிதத் தட்டுகளில் வலம் வரும். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "இவர் ஓய்வு பெறுவது நமக்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம்" என்று பேசுவார்கள். ஸர்க்கார் சிப்பந்திகள் மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறவேண்டும் என்பது விதியாகையால், இந்தக் காட்சி தேசமெங்கும் ஒரே நாளில் நடைபெறுகிறது.

அடுத்த மாதம் அதே காரியாலயத்துக்குப் போனால் அதே மனிதரை மறுபடியும் காணலாம். இப்போது மாலை இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அன்று அவருக்காக எழுந்து நின்றவர்களின் மேஜைக்கு எதிரே இன்று அவர் நின்றுகொண்டிருப்பார். "உங்கள் பேப்பர் மேலே போயிருக்கிறது, அடுத்த வாரம் வந்து பாருங்களேன்" என்று யாரோ ஒருவர், தலையை நிமிர்த்தாமல், ஆனால் மரியாதையாகவே சொல்லுவார்.

இதை நான் வேடிக்கைக்காக எழுதவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததையே எழுதுகிறேன். அதில் என்னுடைய பங்கும் உண்டு என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் பள்ளிச் சேவகர் 33 வருஷம் மணி அடித்தவர். காலை முதல் மணியிலிருந்து மாலைக் கடைசி மணி வரையில் அவர் கை தவறியதில்லை. ஊரில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் எங்கள் மணியைக் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள் என்று சொல்வதில் அதிகம் மிகை இல்லை. அவர் ஒரு ஜூன் மாதம் 30-ந் தேதி ஓய்வு பெற்றார். மூன்று வாரம் முன்பிருந்தே விழா ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. பிள்ளைகள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "காலம் தவறாத கர்ம வீரரே!" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன், கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். அவர் கண்ணீர் விட்டார். நாங்களும் விட்டோம்.

அவருடைய பென்ஷன் உத்தரவு வந்தது பதினாலு மாதம் கழித்து.

ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிராஜுட்டிப் பணத்தை நம்பித்தான் தேதி வைத்திருந்தார். பிராவிடண்டு பண்டுப் பணம் வந்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காக அதிலிருந்து ஏற்கெனவே எடுத்திருந்தபடியால் கைக்கு வந்தது சொற்பம். நாள் நெருங்கவே, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் இரண்டு லட்சம் கடன் வாங்கினார். கல்யாணம் ஆயிற்று. வீட்டுச் செலவுக்கோ, கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் இரவுக் காவலுக்குப் போய்ச் சேர்ந்தார். காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது அவர் காவல் முடிந்து எதிரே வருவார்.

"என்ன அண்ணே, ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்பேன்.

"அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க டீச்சர்" என்பார். ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நின்று, "நம்ம மணி ஒரு நாளும் லேட்டானதில்லையே, டீச்சர்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலத்தான் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

காகிதங்கள் எங்கேதான் நின்றன? மேலே போன தஸ்தாவேஜுகள் மூன்று தடவை திரும்பி வந்தன. 1998-ஆம் வருஷத்தில் அவர் 47 நாள் வைத்திய விடுமுறையில் இருந்திருக்கிறார். விடுமுறை முறைப்படி அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அவருடைய ஸர்வீஸ் ரிஜிஸ்டரில் அந்தக் குறிப்புக்கு எதிரே அப்போதைய தலைமை ஆசிரியரின் கையெழுத்து இல்லை; அனுமதி உத்தரவின் நகலும் சேர்க்கப்படவில்லை. "விளக்கம் தேவை" என்று காகிதம் கீழே வரும். "மேற்படி விடுமுறை அனுமதிக்கப்பட்டதே" என்று இங்கிருந்து பதில் மேலே போகும். "ஆதாரம் தேவை" என்று மறுபடி கீழே வரும். ஒவ்வொரு யாத்திரைக்கும் மூன்று, நான்கு மாதம் ஆயிற்று.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளிக் குமாஸ்தாவும் நானும் பழைய பீரோவைத் திறந்து உட்கார்ந்தோம். கரையான் பாதி தின்ற கட்டுகளுக்கு நடுவே, சணல் கயிறு போட்டுக் கட்டிய 1998-ஆம் வருஷத்துக் கட்டு அகப்பட்டது. உத்தரவின் நகல் அதில் பத்திரமாக இருந்தது. தேடியதற்கு ஆன நேரம் ஒன்றரை மணி.

பதினாலு மாதம் ஒரு குடும்பத்தை அலைக்கழித்த குற்றவாளி எங்கேயோ பட்டணத்தில் இருக்கிறான் என்று நான் எண்ணியிருந்தேன். அவன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பீரோவில் இருந்தான்! வாழ்த்து மடல் எழுத மூன்று வாரம் செலவழித்த நாங்கள், அவருடைய 33 வருஷக் கதை ஏற்கெனவே எழுதியிருந்த அந்த ரிஜிஸ்டரை ஒரு மணி நேரம் வாசித்துப் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தனிவட்டி சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயினி நான். ஆகையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு லட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் மாத வட்டி 4,000 ரூபாய். கடன் வாங்கிய நாள் முதல் பணம் வந்த நாள் வரையில் 12 மாதம். ஆக 48,000 ரூபாய். ஒரு கையெழுத்தின் விலை இது. இதை யார் கொடுப்பது?

என் பாட்டி பென்ஷனை 'உபகாரச் சம்பளம்' என்பாள். அந்தக் காலத்துத் தமிழில் அதுதான் வழக்கு. மனிதன் உழைக்கும்போது பெறுவது சம்பளம். உழைப்பு ஓய்ந்த பிறகு துரைத்தனத்தார் மனமிரங்கிக் கொடுப்பது உபகாரம் என்பது அதன் பொருள். சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1871-ஆம் வருஷத்துப் பென்ஷன் சட்டத்தில், பென்ஷன் விஷயமாக ஸிவில் கோர்ட்டுகள் வழக்கை எடுத்து விசாரிக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தானம் கொடுப்பவனிடம் போய், "ஏன் தாமதம்?" என்று கேட்க முடியுமா?

சுதந்திர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட் இந்த எண்ணத்தை மாற்றிற்று. பீஹார் கல்வி இலாகாவைச் சேர்ந்த தேவகிநந்தன் பிரஸாத் என்பவரின் வழக்கில், 1971-இல், பென்ஷன் ஸர்க்காரின் இஷ்டத்தைப் பொறுத்ததல்ல, அது சிப்பந்தியின் உரிமை என்றும், அது அவருடைய சொத்து என்றும் தீர்ப்பாயிற்று. பிறகு 1982 டிசம்பர் 17-ந் தேதி, நகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, பென்ஷன் என்பது தர்மமும் அல்ல, எஜமானரின் தயவும் அல்ல. செய்து முடித்த சேவைக்காக உரியது என்று இன்னும் விரிவாக விளக்கிற்று. அந்த நாளைத்தான் இன்று தேசமெங்கும் பென்ஷன்தாரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் நம்முடைய இன்றைய பேச்சுக்கு மிகவும் பொருத்தமான வழக்கு அதற்குப் பின்னால் வந்தது. கேரளத்தில் பத்மநாபன் நாயர் என்ற உத்தியோகஸ்தர் 1973 மே மாதம் 19-ந் தேதி ஓய்வு பெற்றார். அவருடைய பென்ஷனும் கிராஜுட்டியும் கைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 14-ந் தேதி. அதாவது ஏறக்குறைய இரண்டே கால் வருஷம் கழித்து. கடைசிச் சம்பளச் சான்றிதழ் என்ற ஒரு காகிதம் உரிய காலத்தில் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். மனிதர் சும்மா இருக்கவில்லை. வட்டி கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. 1984 டிசம்பரில் நீதிபதிகள் கேட்ட கேள்வி எந்தச் சாமானிய மனிதனும் கேட்கக்கூடியதுதான். ஒரு சிப்பந்தி என்றைக்கு ஓய்வு பெறுவார் என்பது ஸர்க்காருக்கு நெடுநாள் முன்பே தெரியும். வேண்டிய காகிதங்களெல்லாம் ஸர்க்காரிடமே இருக்கின்றன. அப்படியிருக்க, ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பாவது அவற்றைத் தயாராக வைத்திருக்க ஏன் முடியாது? கிராஜுட்டியை ஓய்வு பெறும் அன்றோ மறுநாளோ கொடுக்கலாமே. பென்ஷனை அடுத்த மாத முடிவில் கொடுக்கலாமே! இரண்டு மாதத்துக்கு மேல் தாமதமானால் அன்றைய கடைத்தெரு விகிதத்தில் வட்டி கட்டவேண்டும் என்றும் சொன்னார்கள். அசட்டை செய்த உத்தியோகஸ்தரிடம் அந்த நஷ்டத்தை வசூலிப்பதா என்பதை யோசிக்கவேண்டியது ஸர்க்காரின் பொறுப்பு என்று விட்டார்கள்.

நீதிமன்றம் சொன்னது புதுமை அல்ல. மத்திய ஸர்க்கார் 1972-இல் இயற்றிய பென்ஷன் விதிகளிலேயே, ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்னதாகக் காரியாலயத் தலைவர் காகிதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கவேண்டும் என்று இருந்தது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2021-இல் வந்த புதிய விதிகளின்படி, சிப்பந்திக்கு 18 வருஷ சேவை பூர்த்தியானதும் ஒரு முறையும், ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போது ஒரு முறையும் சேவைக் கணக்கைச் சரிபார்த்து அவருக்குத் தெரிவிக்கவேண்டும். உத்தரவு தாமதமாகுமானால், குடும்பம் பட்டினி கிடக்காமல் தற்காலிகப் பென்ஷன் கொடுப்பதற்கும் வழி உண்டு. நிர்வாகத்தின் அசட்டையினால் கிராஜுட்டி தாமதமானால் வட்டி உண்டு. 2017 முதல் மத்திய ஸர்க்கார் இலாகாக்களில், காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று சிப்பந்தியே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளும் 'பவிஷ்யா' என்ற ஏற்பாடும் கட்டாயமாக்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்கள், மனமாரப் பாராட்டவேண்டியவை. ஆனால் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், 1998-இல் போடாத கையெழுத்தை அது போடாது. போட மறந்தவனும் மனிதன். போட வைக்கவேண்டியவனும் மனிதன்.

இங்கே சில நேயர்கள், "குமாஸ்தாக்கள் மேல் ஏன் பழி? மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார்" என்று சொல்லக்கூடும். வாஸ்தவந்தான். எங்கள் பள்ளிக் குமாஸ்தா இன்னொரு பள்ளியின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார். அவர் கெட்டவர் அல்ல. சேவகரிடம் ஒரு காபி கூட வாங்கிக் குடித்ததில்லை. துன்பம் செய்யவேண்டும் என்று யாரும் எண்ணாமலே இவ்வளவு துன்பம் நேர்ந்தது என்பதுதான் இதில் யோசிக்கவேண்டிய விஷயம். லஞ்சம் கேட்டிருந்தால் எதிர்த்துக் கூச்சல் போட்டிருப்போம். "அடுத்த வாரம்" என்ற மிருதுவான வார்த்தையை எப்படி எதிர்ப்பது? ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லுகிற ஒவ்வொருவரும் ஒரு நாள் மஞ்சள் பையோடு அதே மேஜைக்கு எதிரே நிற்கப்போகிறவர் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

வேறு சிலர், "ஸர்க்காருக்கு எத்தனையோ பெரிய காரியங்கள், இது ஒரு விஷயமா?" என்பார்கள். அவர்களுக்கு நம் சரித்திரத்திலிருந்து ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். வெள்ளைக்காரர் ஆட்சியில், இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன உத்தியோகஸ்தர்களின் பென்ஷன், 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரில் இந்தியாவின் வரிப் பணத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தது. தாதாபாய் நௌரோஜி முதலிய பெரியோர் எடுத்துக்காட்டிய செல்வ வடிகாலில் அதுவும் ஒரு வாய்க்கால். அப்புறம் சுதந்திரம் வந்தது. அந்நிய ஆட்சியில் சேவை செய்த ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. நம் தலைவர்களைச் சிறையில் வைத்த ஆட்சிக்கு உழைத்தவர்களல்லவா என்று பலருக்கு மனக்கசப்பு. ஆனால் 1949 அக்டோபர் 10-ந் தேதி ஸர்தார் படேல் எழுந்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று உறுதியாக வாதாடினார். அதன்படி அரசியல் சட்டத்தில் 314-வது ஷரத்து இடம்பெற்றது. 1972-இல் 28-வது திருத்தத்தால் அது நீக்கப்படும் வரையில் நிலைத்திருந்தது.

அந்நியருக்கு உழைத்தவர்களுக்குக்கூட வாக்குத் தவறக் கூடாது என்று எண்ணிய தேசம் இது. சொந்தப் பிள்ளைகளுக்கு மணி அடித்தவரிடம் வாக்குத் தவறலாமா? வேண்டுமென்று தவறவில்லை; மறதியாகத் தவறினோம் என்றால், மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதில் எனக்குச் சுயநலம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. பழைய பென்ஷன் முறையின் கீழ் அல்லாமல், பங்களிப்புத் திட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அது வேறு கணக்கு. வேறொரு வாரத்தில் பேசவேண்டிய கணக்கு. எந்தத் திட்டமானாலும், ஸர்வீஸ் ரிஜிஸ்டர் என்ற நோட்டுப் புத்தகம் மட்டும் எல்லோருக்கும் பொது.

ஆகையால், வீட்டில் ஒருவராவது ஸர்க்கார் சேவையில் இருக்கும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது. வருஷத்துக்கு ஒரு முறை சிப்பந்திக்கு அவருடைய ஸர்வீஸ் ரிஜிஸ்டரைக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று மத்திய ஸர்க்கார் விதிகளில் இருக்கிறது. கையெழுத்தைப் போடுவதற்கு முன் புத்தகத்தைப் படியுங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? பிறந்த தேதி சரியா? எடுத்த விடுமுறைக்கெல்லாம் குறிப்பும் கையெழுத்தும் உண்டா? ஒவ்வொரு வருஷ சேவையும் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? மனைவி, மக்களின் பெயர்கள் வாரிசு நியமனத்தில் ஒழுங்காக இருக்கின்றனவா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். கணவர் காலமான பிறகு, துக்கத்தின் நடுவில், ஒரு தலைப்பெழுத்துக்காக மேஜை மேஜையாக நடப்பதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. உத்தரவுகளின் நகலை வீட்டிலும் ஒரு கட்டு வைத்திருங்கள். இன்னொன்று: தவறுதலாக அதிகச் சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று ஓய்வு பெறும் சமயத்தில் பிடித்தம் செய்ய வந்தால் உடனே பணிந்துவிடாதீர்கள். ஓய்வு பெற்றவர்களிடமும், ஓய்வுக்கு ஒரு வருஷமே உள்ளவர்களிடமும், கீழ்நிலைச் சிப்பந்திகளிடமும் அப்படி வசூலிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2014 டிசம்பரில் ஒரு பஞ்சாப் வழக்கில் சொல்லியிருக்கிறது.

காரியாலயத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழா நடத்துங்கள், மாலையும் போடுங்கள். ஆனால் மாலையோடு உத்தரவும் வரட்டும். உத்தரவு தயாராகவில்லையானால் விழாவில் பேசுகிறவர்கள், "இவருக்குப் பாக்கி வைத்திருக்கிறோம்" என்பதையும் சேர்த்துப் பேசட்டும். தாமதத்துக்கு உரிய வட்டியை, கோர்ட்டுக்குப் போகாமலே, கேட்காமலே கொடுக்கிற வழக்கம் ஏற்படட்டும். 48,000 ரூபாய்க்காக வழக்குத் தொடுக்க எங்கள் சேவகருக்குத் தெம்பு இல்லை. அவர் தொடுக்கவும் இல்லை.

உத்தரவு வந்த அன்று அவர் பள்ளிக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். "சந்தோஷந்தானே அண்ணே?" என்றேன். "சந்தோஷந்தான் டீச்சர். முதல்ல வட்டிக்காரரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து அவரவர் ரிஜிஸ்டரை வாசிக்கிறோம். எங்கள் சித்திர உபாத்தியாயர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவர் பெயர் ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் மற்றொரு பக்கத்தில் வேறு விதமாகவும் எழுதியிருப்பதைப் போன தடவை கண்டுபிடித்தோம். திருத்தத்துக்கு அன்றே எழுதியாயிற்று. உத்தரவும் வந்து ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. அவருக்கு வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பும் என்னுடையதுதானாம். இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கமாக எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.